டேட்டாபேஸ் சிங்கப்பூரில், நீங்கள் சென்னையில்: குவெரியை வேகமாக்குவது எப்படி?

சர்வர் பக்கத்து அறையில் இருந்தவரை சிட்டாகத் திறந்த பில்லிங் ஸ்கிரீன், அதைச் சிங்கப்பூர் கிளவுடுக்கு மாற்றியதும் பன்னிரண்டு விநாடி எடுத்தது. முதல் சந்தேகம், தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் மேல்தான். இரண்டு நாள் அதையே நோண்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால், குவெரி (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) சர்வரில் 2 மில்லிசெகண்டில் முடிந்திருக்கிறது. மீதி நேரமெல்லாம் வழியில் போயிருக்கிறது.

கணக்கு எளிது. ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் வழியே 3,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 30 மில்லிசெகண்டுக்குக் குறையவே குறையாது. விபிஎன், கிளை அலுவலக பிராட்பேண்ட் எல்லாம் சேர்ந்தால் 60 ஆகும், நெரிசல் நேரத்தில் 300 கூட ஆகும். எத்தனை முறை போய்வருகிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

படி 1: அளந்து பாருங்கள்

கிளவுடு சர்வர்கள் பல நேரம் பிங் என்ற தொடர்புச் சோதனைக்குப் பதில் தராது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் என்றால், அதன் கமாண்ட் கருவியான பிஎஸ்க்யூஎல்லில் டைமிங்கை ஆன் செய்து ‘செலக்ட் 1’ என்று மட்டும் ஓட்டுங்கள். சர்வருக்கு இதில் வேலையே இல்லை. வரும் நேரம் ஏறக்குறைய முழுக்கப் பயண நேரம். காலை, மதியம், மாலை என்று இருபது இருபது முறை ஓட்டி, சராசரியோடு அதிகபட்சத்தையும் குறித்து வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

படி 2: லூப்புக்குள் இருக்கும் குவெரியை வெளியே எடுங்கள்

என் பன்னிரண்டு விநாடிக்குக் காரணம் இதுதான். 200 பில்களை எடுக்க ஒரு குவெரி. அப்புறம் ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளர் பெயரை எடுக்க இன்னொன்று. மொத்தம் 201 பயணம், தலா 60 மில்லிசெகண்ட். பில்லையும் வாடிக்கையாளரையும் சேர்த்தெடுக்கும் ஒரு ஜாயின் போட்டதும் எல்லாம் ஒரே பயணத்தில் முடிந்தது. குவெரியைத் தானே எழுதிக்கொள்ளும் ஓஆர்எம் லைப்ரரி பயன்படுத்தினால் இது கோடில் கண்ணுக்கே தெரியாது. குவெரி லாகை ஆன் செய்து, ஒரு ஸ்கிரீனைத் திறந்து, எத்தனை வரி ஓடுகிறது என்று எண்ணுங்கள். புது ரெக்கார்டு சேர்க்கும் இன்சர்ட்டும் அப்படித்தான், ஒவ்வொன்றாக அனுப்பாமல் பேட்சாக அனுப்புங்கள்.

படி 3: ஃபெட்ச் சைஸைப் பாருங்கள்

ஒரே குவெரிதானே என்று இருந்துவிடக் கூடாது. ஒரு பயணத்தில் எத்தனை ரெக்கார்டு வர வேண்டும் என்பதுதான் ஃபெட்ச் சைஸ். ஜாவா புரோகிராமை ஆரக்கிள் டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவர், நாம் எதுவும் சொல்லாவிட்டால் பத்துப் பத்து ரெக்கார்டாகத்தான் கொண்டுவரும். 5,000 ரெக்கார்டுக்கு 500 பயணம், அதாவது அரை நிமிடம். ஃபெட்ச் சைஸை 500 ஆக்கினால் பத்துப் பயணம் போதும். போஸ்ட்கிரஸ் ஜேடிபிசி இதற்கு நேர்மாறு: எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுத்து மெமரியில் வைக்கும். பெரிய ரிப்போர்ட்டென்றால் ஒவ்வொரு கட்டளையையும் தானாகவே உறுதிசெய்யும் ஆட்டோகமிட்டை ஆஃப் செய்துவிட்டு ஃபெட்ச் சைஸ் கொடுங்கள்.

படி 4: கனெக்‌ஷன் பூல் வையுங்கள்

புது கனெக்‌ஷன் ஒவ்வொன்றுக்கும் டிசிபி இணைப்பு, டிஎல்எஸ் குறியாக்கம், பாஸ்வேர்டு சரிபார்ப்பு என்று பல பயணம் ஆகும். திறந்ததை மூடாமல் மறுபடி பயன்படுத்துங்கள்.

படி 5: லைன் அறுந்தால் என்ன ஆகும்?

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ரசீதைப் பதிவு செய்ய கமிட் (பதிவை உறுதிசெய்யும் கட்டளை) அனுப்பினீர்கள். பதில் வருமுன் லைன் போய்விட்டது. பதிவானதா, இல்லையா? இங்கிருந்து தெரிய வழியில்லை. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினோம். ஒரு கடைக்காரர் கணக்கில் ஒரே தொகை இரண்டு முறை ஏறியது. அவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. இப்போது ஒவ்வொரு ரசீதுக்கும் கிளைக் கணினியிலேயே ஒரு தனி எண் உருவாக்கி, டேபிளில் அதே எண் மறுபடி ஏறாதபடி யூனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். எத்தனை முறை அனுப்பினாலும் ஒரு தடவைதான் ஏறும்.

டைம்அவுட்டும் (பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு) வேண்டும். படி 1-இல் குறித்த அதிகபட்சத்தை விடத் தாராளமாக வையுங்கள். மறுபடி முயலும்போது உடனே முட்டாமல், 1, 2, 4 விநாடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

படி 6: மோசமான லைனை மேசையிலேயே உருவாக்குங்கள்

லினக்ஸில் நெட்வொர்க் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிசி கமாண்டோடு, வேண்டுமென்றே தாமதத்தையும் இழப்பையும் உண்டாக்கும் நெட்எம் இருக்கிறது. 80 மில்லிசெகண்ட் தாமதம், அதில் 30 கூடக்குறைய, 1 சதவீதம் பாக்கெட் இழப்பு என்று கொடுத்து, உங்கள் ஸ்கிரீன்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எதில் இன்னும் லூப் ஒளிந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். சரி, சோதனை முடிந்ததும் அந்த விதியை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.