எம்சிபி இருந்தால் போதுமா?

நான் ஒயரிங் வேலை பார்ப்பவன். "வாஷிங் மெஷினைத் தொட்டா சுர்ருங்குது தம்பி" என்று கூப்பிடுகிறவர்கள் அடுத்த வரியிலேயே, "எம்சிபி எல்லாம் போட்டிருக்கோமே!" என்பார்கள். எம்சிபி, அதாவது கரண்ட் மிஞ்சினால் தானாக விழுந்து துண்டிக்கும் ஸ்விட்ச், ஒயரைக் காப்பாற்றத்தான், ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்சிபி விழ, அதற்கு மேல் கரண்ட் ஓட வேண்டும். 60 வாட்ஸ் குண்டு பல்பு இழுப்பதே கால் ஆம்பியர்தான். அதில் பாதி நெஞ்சு வழியாகப் போனாலே உயிர் போகலாம்; எம்சிபி அசையாமல் நிற்கும்.

ஆளுக்கு வேண்டியது ஆர்சிசிபி என்ற கசிவு பார்க்கும் ஸ்விட்ச். ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்பாவிட்டால், எங்கோ கசிகிறது என்று உடனே துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்று கொடுத்தால் வேண்டாம், ஷாக்குக்கு அது உதவாது. மேலே 'T' என்று ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். டைல்ஸுக்குக் கணக்குப் பார்க்காதவர்கள் இதற்கு மட்டும் பேரம் பேசுவது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆனால் அந்தப் பட்டன் எர்த்தை, அதாவது கசியும் கரண்ட்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் ஒயரை, சோதிக்காது. எர்த்தே இல்லாத வீட்டிலும் அழுத்தினால் விழும். ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் ஆர்சிசிபிக்கும் தெரியாது.

எர்த் இருக்கிறதா என்று பார்க்க, முதலில் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவிவிட்டு, அதன் மூடியைக் கழற்றுங்கள். பச்சை ஒயர் மேலே உள்ள தடித்த பின்னில் இறுகி நிற்க வேண்டும். பல பிளக்கில் அந்த ஒயரை ஒட்ட நறுக்கி, உள்ளே மடக்கி வைத்திருப்பார்கள். பின்னில் ஸ்க்ரூ மட்டும் சும்மா இருக்கும். அந்தப் பின் நீளமாக இருப்பது, சொருகும்போது எர்த் முதலில் சேரவும் உருவும்போது கடைசியாக விலகவும்தான். அதை அறுத்துவிட்டு டூ பின் சாக்கெட்டில் சொருகுகிறவர்களும் உண்டு! பிளக் சரியாக இருந்தும் சுர்ரென்றால் சாக்கெட்டிலோ எர்த் குழியிலோ கோளாறு இருக்கலாம். அதை ஒயர்மேனிடம் விடுங்கள், அதுவரை அந்த மெஷினைப் பயன்படுத்த வேண்டாம்.

பல்பு மாற்ற ஸ்விட்சை அணைத்தால் போதாது. பழைய வீடுகளில் ஸ்விட்சை நியூட்ரலில் போட்டிருப்பார்கள். பல்பு அணைந்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். மெயினை அணையுங்கள். வாளியில் ஹீட்டர் ராடு போட்டால், பிளக்கை உருவாமல் தண்ணீரில் விரல் வைக்காதீர்கள். துணி காய நைலான் கயிறு கட்டுங்கள், இரும்புக் கம்பி வேண்டாம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் போகும் குழாயில் எதையுமே கட்டாதீர்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள், முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் அதுவும் கூடாது. விலகி நின்று, யாரையும் நெருங்க விடாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள். அடிபட்டவருக்கு மூச்சில்லை என்றால் 108-ஐக் கூப்பிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.