நடுவழியில் சைக்கிள் மக்கர் செய்தால்: எதைச் சரிசெய்யலாம், எப்போது ஆளைக் கூப்பிடலாம்

ஊரைத் தாண்டி முதன்முறையாக நீண்ட தூரம் ஓட்டக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சைக்கிள் நின்றுவிட்டால் வழிகள் மூன்றுதான். அங்கேயே சரிசெய்வது, அரைகுறையாக ஒப்பேற்றி மெல்ல ஓட்டிப்போவது, உதவிக்கு ஆளை வரவழைப்பது. எந்த வழி என்று சீக்கிரம் முடிவெடுக்கத் தெரிந்தால் போதும், பாதிக் கஷ்டம் குறைந்துவிடும்.

படி 1: முதலில் சாலையை விட்டு இறங்குங்கள்

வளைவிலோ பாலத்திலோ நின்றால், கொஞ்சம் தள்ளிக்கொண்டு போயாவது வண்டிகளுக்குத் தூரத்திலிருந்தே தெரிகிற இடத்துக்கு வந்துவிடுங்கள். பகலாக இருந்தாலும் பின்விளக்கைப் போட்டு வையுங்கள். சக்கரத்தைக் கழற்றிக் குனிந்து வேலை செய்யும்போது முதுகு சாலைப் பக்கம் இருக்க வேண்டாம்.

படி 2: பழுதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

இருட்ட எவ்வளவு நேரம் இருக்கிறது? போனில் எவ்வளவு சார்ஜ்? தேவையான சாமான் பையில் இருக்கிறதா? இந்த மூன்றையும் யோசித்துவிட்டுக் கையை வையுங்கள். கால் மணி நேரம் முயன்றும் வழி தெரியவில்லை என்றால், வேலையைத் தொடர்ந்தபடியே யாருக்காவது சொல்லிவிடுவது நல்லது. கடைசி நிமிடம்வரை வைராக்கியமாக இருந்துவிட்டு, சார்ஜ் தீர்ந்தபின் ஆளைத் தேடுவதில் அர்த்தமில்லை.

படி 3: பஞ்சர்

நடுவழியில் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சாலையோரத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பதைவிட, கையோடு ஒரு மாற்று டியூப் வைத்திருந்து மாற்றிவிடுவதே மேல் என்பது என் கட்சி. ஒட்டும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

பின்சக்கரம் என்றால், கழற்றும் முன் செயினைப் பின்பக்கப் பற்சக்கரங்களில் ஆகச் சிறியதற்கு மாற்றிவிடுங்கள். சக்கரம் சுலபமாக வெளியே வரும். டயர் லீவரால் ஒரு பக்க விளிம்பை மட்டும் நெம்பி டியூபை உருவுங்கள்.

அப்புறம் நடக்கிற தவறு எப்போதும் ஒன்றுதான். புது டியூபை உடனே உள்ளே தள்ளிவிடுவார்கள். குத்திய முள் டயரிலேயே இருக்கும், பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கும். அதனால் பழைய டியூபில் கொஞ்சம் காற்றடித்து, கன்னத்தருகே வைத்து ஓட்டை எங்கே என்று பாருங்கள். கழற்றும்போது எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று கவனித்திருந்தால், வால்விலிருந்து ஓட்டை எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, டயரிலும் அதே இடத்தில் தேடினால் போதும். டயரின் உட்புறத்தை ஒரு துணியால் துடைத்துக்கொண்டே வாருங்கள், முள்ளோ கம்பித் துண்டோ இருந்தால் துணியின் நூல் அதில் சிக்கும். வெறும் விரலை ஓட்டினால் கிழித்துவிடும்.

ஓட்டை எப்படி இருக்கிறது என்பதும் சங்கதி சொல்லும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல்கள் இருந்தால், காற்று குறைவாக இருந்தபோது பள்ளத்தில் விழுந்து டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது. ஓட்டை ரிம் பக்கமாக இருந்தால், ரிம் டேப் (ரிம்மின் உட்புறத்தில் ஸ்போக் துளைகளை மூடும் பட்டை) நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

புது டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்குக் காற்றடித்து உள்ளே வையுங்கள். டயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். பிறகு வால்வை ஒருமுறை மேலே தள்ளிவிட்டால் டியூப் விளிம்புக்கடியில் மாட்டியிருக்காது.

மாற்று டியூப் இல்லையா? ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, மூன்று நான்கு நிமிடம் காய விட்டு, பேட்சை அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் நிற்காது. டயரே கிழிந்திருந்தால், கிழிசலுக்கு உட்புறமாகப் பிஸ்கட் உறையையோ ரூபாய் நோட்டையோ மடித்து வைத்து, காற்றைக் கொஞ்சம் குறைவாக அடித்து மெல்லப் போகலாம்.

படி 4: செயின், கியர், ஸ்போக்

செயின் அறுந்தால், செயின் டூலால் (கண்ணியின் ஆணியைத் தள்ளி எடுக்கும் சிறு கருவி) கெட்ட கண்ணிகளை எடுத்துவிட்டு, குயிக் லிங்க் (கையாலேயே மாட்டும் இணைப்புக் கண்ணி) போட்டு இணைக்கலாம். குயிக் லிங்க் உங்கள் செயினின் கியர் எண்ணிக்கைக்கு, அதாவது பின்பக்கப் பற்சக்கரங்களின் எண்ணிக்கைக்குப் பொருந்த வேண்டும், 9 கியர் லிங்க் 11 கியர் செயினுக்கு ஆகாது. செயின் நீளம் குறைந்துவிட்டதால், முன்னாலும் பின்னாலும் பெரிய பற்சக்கரம் என்ற கூட்டணிக்குப் போகாதீர்கள்.

பின் கியர் கேபிள் அறுந்தால், பெரும்பாலான சைக்கிள்களில் செயின் பின்னால் ஆகச் சிறிய பற்சக்கரத்துக்கு இறங்கிவிடும். ஏற்றத்தில் மிதிக்கவே முடியாது. பின் டீரெயிலரில் (செயினைப் பற்சக்கரம் மாற்றும் அமைப்பு) H என்று குறித்த திருகை உள்ளே முடுக்கினால், ஒரு படியாவது பெரிய பற்சக்கரத்தில் செயினை நிறுத்தலாம்.

ஒரு ஸ்போக் உடைந்தால் அதைப் பக்கத்து ஸ்போக்கில் சுற்றிவிடுங்கள். சக்கரம் கோணி ரிம் பிரேக்கில் உரசினால் அந்தப் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, மற்றதை நம்பி மெல்லப் போகலாம்.

ஹேண்டில்பார், ஃபோர்க், ஃபிரேம் ஆகியவற்றில் விரிசல் கண்டாலோ, இரண்டு பிரேக்கும் போய்விட்டாலோ, ஏறவே வேண்டாம். தள்ளிக்கொண்டு நடங்கள்.

படி 5: உதவிக்கு அழைப்பது

அடிபட்டிருந்தால் முதலில் அவசர உதவி எண். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் இந்தியாவிலும் அது 112.

சைக்கிள் மட்டும்தான் பிரச்சினை என்றால், வீட்டாருக்கோ நண்பருக்கோ இருப்பிடத்தை மெசேஜாக அனுப்புங்கள். சிக்னல் பலவீனமான இடத்தில் போன் கால் போகாவிட்டாலும் குறுஞ்செய்தி போக வாய்ப்புண்டு. கடைசியாகப் பார்த்த கிலோமீட்டர் கல்லையும் எழுதுங்கள்.

வாகன சங்க உறுப்பினராக இருந்தால், சைக்கிளுக்கும் உதவி உண்டா என்று இப்போதே, வீட்டில் இருக்கும்போதே, கேட்டு வையுங்கள். ஜெர்மனியின் வாகன சங்கமான ஏ.டி.ஏ.சி. 2022 முதல் சைக்கிள்களுக்கும் வழியோர உதவி தருகிறது. எந்தச் சங்கமானாலும், அந்த இடத்திலேயே சரிசெய்வார்களா, ஏற்றிக்கொண்டு போவார்களா, எத்தனை கிலோமீட்டர் வரை, பஞ்சரும் சேர்த்தியா என்று பார்க்க வேண்டும். மின்சைக்கிள் என்றால் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள், 20 கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டியை ஒருவர் தனியாகத் தூக்கி ஏற்றுவது கஷ்டம்.

டாக்ஸியில் ஏற்றுவதாக இருந்தால் இரண்டு சக்கரங்களையும் கழற்றி, செயின் இருக்கும் பக்கம் மேலே வருமாறு படுக்க வையுங்கள். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் சக்கரம் கழன்றிருக்கும்போது பிரேக் பிடியைத் தொடாதீர்கள். ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) வகையில், டிஸ்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகள் ஒட்டிக்கொண்டால் டிஸ்க் மறுபடி உள்ளே போகாது. அட்டைத் துண்டு ஒன்றை மடித்து பேடுகளுக்கு நடுவே செருகிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.