கெயின் குமிழும் 48 வோல்ட் பொத்தானும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீட்டு அறைக்குள்ளேயே ஒலிப்பதிவு செய்யும் பெடியள் இப்போது கூடிவிட்டார்கள். நல்ல விசயம். ஆனால் மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்பேஸ் பெட்டியில், நாங்கள் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகளையே அவர்களும் விடுகிறார்கள். வயரை மாறிக் குத்துவது, மைக்கின் முதுகுப் பக்கம் பாடுவது எல்லாம் தானாகவே பிடிபட்டுவிடும். அவற்றை விடுவோம்.

ஹெட்போனில் கேட்கவில்லை என்று கெயினைக் கூட்டுவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வரும் பிழை இது. மைக் சத்தம் எவ்வளவு பலமாகப் பதிவுக்குள் போகிறது என்பதைத் தீர்மானிப்பது கெயின் குமிழ். ஹெட்போன் குமிழ் உங்கள் காதுக்கு மட்டும். அதை முழுக்கக் குறைத்தாலும் பதிவு மாறாது.

முள்ளியவளைப் பக்கம் வயதான அண்ணாவியார் ஒருவரிடம் காத்தவராயன் கூத்துப் பாட்டுகளைப் பதிந்தார்கள். சத்தம் பார்க்கச் சொன்னபோது அவர் வாய்க்குள் முணுமுணுத்தார். கேட்கவில்லை என்று பதிவு செய்த தம்பி கெயினை முக்கால்வாசிக்கு மேல் திருப்பிவிட்டான். பிறகு உடுக்கு ஏறி, அண்ணாவியார் குரலை உச்சத்துக்கு இழுத்தார். குமிழைச் சுற்றியிருந்த பச்சை வெளிச்சம் சிவப்பாகி அப்படியே நின்றது. எல்லாருடைய கண்ணும் அவர் முகத்தில். வெளிச்சத்தை யாரும் பார்க்கவில்லை. வீட்டில் போட்டுக் கேட்டால் நல்ல வரிகள் அத்தனையும் கரகரவென்று கிழிகின்றன.

சத்த அளவைக் காட்டும் மீட்டர் அதன் உச்சியான 0 டெசிபலில் முட்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். பிறகு சத்தத்தைக் குறைத்தாலும் வெட்டுப்பட்டது திரும்பாது. திருத்தும் மென்பொருள்கள் ஊகித்து நிரப்புமே தவிர, அவர் பாடியதைத் தராது. இன்னொருமுறை பாடச் சொல்லலாமே என்கிறார்கள். அந்த வயதில் அந்த மூச்சை எத்தனை தரம் கேட்பது?

ஆகவே சத்தம் பார்க்கும்போது, மிக உச்சமாக ஏறும் வரியை முழுக் குரலில் பாடச் சொல்லுங்கள். உடுக்கும் கூடவே அடிக்கட்டும். அப்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். ஆட்கள் கூடி உற்சாகம் ஏறினால் இன்னும் பலமாகப் பாடுவார். மிச்ச இடம் அதற்கு. மென்பொருளில் 24 பிட் என்று வைத்துப் பதியுங்கள். சத்தம் குறைவாக இருந்தால் பிறகு தாராளமாகக் கூட்டலாம்.

48 வோல்டைப் போட்டபடி வயரைக் கழற்றுவது

இந்தப் பொத்தான் வயர் வழியாக மைக்குக்கு மின் அனுப்பும். அதைத்தான் பான்டம் பவர் என்பார்கள். மின் இல்லாமல் வேலை செய்யாத கொண்டென்சர் மைக்குக்கு இது வேண்டும். முதலில் கெயினையும் ஹெட்போனையும் குறைத்து, மைக்கைக் குத்தி, அப்புறம் பொத்தானை அழுத்துங்கள். கழற்றும்போது பொத்தானை நிறுத்தி அரை நிமிடம் பொறுங்கள். உள்ளே தேங்கிய மின் இறங்க வேண்டும்.

உள்ளே கம்பிச் சுருள் உள்ள சாதாரண டைனமிக் மைக்குக்கு, எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் வயர் நல்லதாக இருந்தால், 48 வோல்டால் ஒன்றும் ஆகாது. இரண்டாம், மூன்றாம் பின்களில் ஒரே வோல்ட் வருவதால் சுருளுக்குள் மின் ஓடாது. சுருளுக்குப் பதில் மெல்லிய உலோகத் தகடு உள்ள பழைய ரிப்பன் மைக் அப்படியல்ல. வயரில் ஒரு பின் பிழையாக இருந்தாலே அந்தத் தகடு போய்விடலாம்.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து எக்ஸ்எல்ஆரில் இழுத்துப் பதிகிறவர்கள் கட்டாயம் 48 வோல்டை நிறுத்துங்கள். மிக்சரின் அவுட்புட் பழுதாகலாம், அது உங்கள் சாமானும் அல்ல. பல சின்ன இன்டர்பேஸ்களில் ஒரே பொத்தான் இரண்டு மைக்குக்கும் சேர்த்து வேலை செய்யும் என்பதையும் பாருங்கள்.

டைரக்ட் மொனிட்டர்

பாடும் குரலைக் கணினியைச் சுற்றாமல் இன்டர்பேஸிலிருந்து நேரே ஹெட்போனுக்குத் தரும் வசதி இது. இதைப் போட்டால் மென்பொருளின் மொனிட்டரை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பாடுபவருக்குத் தன் குரலே இரட்டையாகக் கேட்டுத் தாளம் தப்பும்.

இன்ஸ்ட் பொத்தான்

இன்ஸ்ட் என்றால் இன்ஸ்ட்ருமென்ட், அதாவது வாத்தியம். எலெக்ட்ரிக் கிட்டாரை நேரே குத்தினால் மட்டும் இதை அழுத்துங்கள்.