பட்டறையில் போட்ட பணம் பாலிசியில் ஏறியிருக்கிறதா?

கரூரில் பாடி கட்டி, கோவையில் ஏசியும் புஷ்பேக் சீட்டும் போட்ட டூரிஸ்ட் வேன், டிபன் கடையாக மாறிய டாடா ஏஸ், ஃப்ரீசர் வைத்துப் பாலும் ஐஸ்கிரீமும் ஏற்றிப் போகும் வண்டி என்று கொங்குப் பக்கம் எந்த ரோட்டில் நின்றாலும் இப்படி ஒன்று கடந்து போகும். இவற்றில் பலவற்றின் இன்சூரன்ஸ் பாலிசியில், தயாரிப்பாளர் அனுப்பிய வெறும் வண்டியின் மதிப்பு மட்டும்தான் இருக்கிறது. மேலே செய்த வேலை கணக்கிலேயே இல்லை. வண்டி எரிந்துபோன பிறகு இது தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

வண்டி முழுதாகப் போனாலும் திருடு போனாலும் கிடைக்கக்கூடிய உச்சத்தொகைதான் ஐடிவி. தயாரிப்பாளரின் விற்பனை விலையில் இருந்து வயதுக்குத் தக்கபடி தேய்மானம் கழிப்பார்கள். வண்டிக்கு ஒரு வருடம் தாண்டினால் 20 சதவீதம், இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டினால் 50. 8 லட்சத்துக்கு வண்டி வாங்கி, 4 லட்சத்துக்கு வேலை செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். மூன்றாவது வருடத்தில் ஐடிவி 5,60,000. அந்த 4 லட்சத்துக்கு ஒரு பைசா வராது. சொல்லி ஏற்றியிருந்தால் அதற்கும் இதே தேய்மானம் போக 2,80,000 சேர்ந்திருக்கும்.

பாலிசி தாளில் எலக்ட்ரிக்கல் சாமான், மற்ற சாமான், கேஸ் கிட் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் பூஜ்யம் இருந்தால் உங்கள் ஏசிக்கும் ஃப்ரீசருக்கும் காப்பீடு இல்லை. எலக்ட்ரிக்கல் சாமானுக்குப் பழைய டாரிஃப் கணக்கில் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம், அதாவது லட்சத்துக்கு 4,000 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கத்தான் இவ்வளவு பெரிய ஆபத்தை எடுக்கிறோம்.

ரினிவல் சமயத்தில் நடக்கும் பேச்சு ஒன்று இருக்கிறது. "ஏனுங்ண்ணா, ஐடிவியக் கொஞ்சம் கொறச்சுப் போட்டுக்கலாமுங்களா? பிரீமியம் கம்மியா வருமுங்க." "செரிங்க, போட்ருங்க." அவ்வளவுதான், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். தேர்டு பார்ட்டி, அதாவது அடுத்தவருக்கு நேரும் நஷ்டத்துக்கான பிரீமியத்துக்கும் ஐடிவிக்கும் சம்பந்தமே இல்லை, அது அப்படியேதான் இருக்கும். குறைவது சொந்த சேதத்துக்கான பங்கு மட்டும்.

இதில் பலர் யோசிக்காத இன்னொரு சிக்கலும் உண்டு. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை டோட்டல் லாஸ் என்று முடித்துவிடுவார்கள். 6 லட்சம் பெறும் வண்டிக்கு 4 லட்சம் என்று போட்டிருந்தால், 3 லட்சத்தைத் தாண்டும் ரிப்பேரிலேயே கதை முடிந்தது. பட்டறையில் விட்டால் ஓடக்கூடிய வண்டி கையை விட்டுப் போகும், கிடைத்த பணத்தில் அதேபோல் இன்னொன்று கட்டவும் முடியாது.

ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்குத் தேய்மான அட்டவணை கிடையாது. நீங்களும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்வதுதான் மதிப்பு. வேலை செய்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு, ஆனால் பெரும்பாலானோர் செல்போனில் வந்த தொகையை அப்படியே அமுக்கிப் பணம் கட்டிவிடுகிறார்கள். வண்டி மதிப்பையும் சேதத்தையும் கணக்கிடும், லைசென்ஸ் உள்ள இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருவரிடம் மதிப்பீடு வாங்கி, அதை வைத்துப் பேசுங்கள். அதற்காக இஷ்டத்துக்கு ஏற்றிச் சொல்லவும் கூடாது. கிளைம் சமயத்தில் சந்தை விலையோடு ஒத்துப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை ஆர்சி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரமும் தயாரிப்பாளர் கொடுத்த விவரமும் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. எதை மாற்றலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்பதை வேலைக்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சீட் எண்ணிக்கை, பாடி வகை, எரிபொருள் மூன்றும் ஆர்சியில் ஏறாமல் மாறியிருந்தால் கிளைம் அங்கேயே தட்டிப்போகலாம். சொந்த உபயோகத்துக்கு என்று பதிந்த வண்டியைப் பழனிக்கும் ஊட்டிக்கும் வாடகைக்கு விட்டாலும் இதே கதிதான்.

பட்டறைக்காரர் துண்டுச்சீட்டில் எழுதித் தரும் கணக்கு சர்வேயரிடம் செல்லாது. ஜிஎஸ்டி பில்லாக வாங்குங்கள், அதில் வண்டி நம்பரும் சேஸிஸ் நம்பரும் இருக்கட்டும். ஃப்ரீசர் கம்ப்ரஸரின் பக்கவாட்டில் சின்னத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். அதிலுள்ள சீரியல் நம்பர் படிக்கும்படி ஒரு படம், வண்டி நம்பர் பிளேட்டோடு சேர்த்து இன்னொரு படம் எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள்.

வண்டியோடு பொருத்தப்படாத கிரைண்டர், பாத்திரம், சரக்கு எதுவும் மோட்டார் பாலிசியில் வராது, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். சின்ன விபத்துகளுக்கு ஜீரோ டெப், அதாவது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கவர் அவசியம், ஏனென்றால் பாகம் மாற்றும்போது பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதமும் ஃபைபருக்கு 30 சதவீதமும் கழிப்பார்கள். இந்த வேன்களில் பாதி பாகம் ஃபைபர்தான். உங்கள் வண்டி வகைக்கும் வயதுக்கும் ஜீரோ டெப் கிடைக்குமா என்று கேளுங்கள்.

கம்பெனி மாற்றும்போது, கிளைம் செய்யாத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் கூடவே வரும், சாமான் விவரம் தானாக வராது. புதுப் பாலிசி கையில் வந்ததும் அந்தக் கட்டங்களை மறுபடி பாருங்கள், விட்டுப்போயிருந்தால் அன்றைக்கே எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் திருத்தம் போடச் சொல்லுங்கள்.