மென்பொருளுக்கு டிவிடி டிரைவ் தெரியவில்லையா? தொலைந்த இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள்

நேற்றுவரை ஒழுங்காக சிடி எழுதிக்கொண்டிருந்த மென்பொருள் இன்று "டிரைவ் எதுவும் இல்லை" என்கிறது. உடனே பலரும் அந்த மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அது உதவுவது அரிது. சில சமயம் நிலைமை இன்னும் மோசமாகும். ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

டிரைவ் நேரடியாக மென்பொருளின் கைக்கு வருவதில்லை. மதர்போர்டு அதை அடையாளம் காண வேண்டும். பிறகு விண்டோஸின் சிடிராம் டிரைவர் (டிரைவை இயக்கும் சிறு நிரல்) அதை ஏற்க வேண்டும். அந்த டிரைவரின் மேலேயும் கீழேயும் வேறு மென்பொருள்கள் செருகி வைத்திருக்கும் ஃபில்டர்கள் (இடையில் நிற்கும் துணை டிரைவர்கள்) வழிவிட வேண்டும். கடைசியில்தான் நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் முறை. எந்தப் படியில் நழுவியது என்று தெரியாமல் எதையும் நீக்காதீர்கள், நிறுவாதீர்கள்.

முதல் சோதனை

கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து ஆன் செய்வது போதாது. விண்டோஸ் 10, 11-இல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருப்பதால், ஷட்டவுன் கொடுத்தாலும் கர்னலும் (விண்டோஸின் மையப்பகுதி) டிரைவர்களும் பழைய நிலையிலேயே சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும்.

கணினி எழும்போது எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தி, விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போங்கள் (விசை மாடலுக்கு மாடல் மாறும்). சாட்டா (டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் வழி) அல்லது ஸ்டோரேஜ் பக்கத்தில் டிரைவின் மாடல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'டிவிடி/சிடி-ராம் டிரைவ்ஸ்' என்ற வரி இருக்கிறதா, அதில் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, கடையில் வாங்கிய அச்சிட்ட டிஸ்க் ஒன்றைப் போட்டு 'திஸ் பிசி'யில் திறந்து பாருங்கள். வீட்டில் எழுதிய பழைய சிடி-ஆர் இந்தச் சோதனைக்கு ஆகாது. அதன் சாயப்படலம் மங்கியிருந்தால் நல்ல டிரைவும் தடுமாறும்.

பயாஸிலேயே பெயர் இல்லையென்றால் கேபிள், போர்ட், மின்சாரம், அல்லது டிரைவே கெட்டுவிட்டது. பயாஸில் இருந்து டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நின்றால், பெரும்பாலும் ஃபில்டர் சிக்கல். 'திஸ் பிசி'யில் நன்றாகத் திறந்து, ஒரே ஒரு மென்பொருளுக்கு மட்டும் தெரியவில்லையென்றால் கோளாறு அந்த மென்பொருளின் அமைப்பில். சிடி படிக்கிறது, டிவிடி மட்டும் படிக்கவில்லை என்றால் மென்பொருளை விட்டுவிடுங்கள். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650, ப்ளூ-ரேக்கு 405. அவற்றில் ஒன்று மட்டும் சோர்ந்துபோவது சாதாரணம்.

பயாஸில் இல்லையென்றால்

டெஸ்க்டாப்பில் சமீபத்தில் எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே செருகும் சிறு சேமிப்பட்டை) போட்டீர்களா? நிறைய மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்களும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. எஸ்எஸ்டி ஏறியதும் அந்தப் போர்ட்கள் சத்தமில்லாமல் அணைந்துவிடும். மதர்போர்டு கையேட்டில் எந்தப் போர்ட் எந்த ஸ்லாட்டோடு பகிர்வு என்று அட்டவணை இருக்கும். டிரைவை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும். மாற்றும்போது சிப்செட்டின் (மதர்போர்டின் முதன்மைச் சிப்) சொந்தப் போர்ட்டையே தேர்ந்தெடுங்கள். மார்வெல், ஏஎஸ்மீடியா போன்ற கூடுதல் சிப் வழியாக வரும் போர்ட்களில் ஹார்டு டிஸ்க் நன்றாக ஓடும். சிடி டிரைவுக்கான கட்டளைகள் சிலவற்றில் சரியாகப் போய்ச்சேருவதில்லை.

கணினியை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகு சாட்டா டேட்டா கேபிளை (7 பின்) இரண்டு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். பூட்டுக் கிளிப் இல்லாத பழைய கேபிள் என்றால் மாற்றிவிடுங்கள். 15 பின் பவர் கேபிளையும் வேறொரு முனையில் மாட்டிப் பாருங்கள். ட்ரே திறந்து மூடுகிறது என்பதற்காக கேபிள் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். அதற்கு மின்சாரம் மட்டும் இருந்தால் போதும். லேப்டாப்பில் டிரைவைப் பிடித்திருப்பது பெரும்பாலும் அடிப்பக்கத்தில் உள்ள ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றி டிரைவை வெளியே இழுத்து, மறுபடி அழுத்திச் செருகுங்கள். சில லேப்டாப்களில் மின்சேமிப்பு அமைப்பு டிரைவின் மின்சாரத்தையே நிறுத்திவைக்கும். தயாரிப்பாளரின் பவர் மேனேஜர் செயலியில் அதை ஆன் செய்ய வேண்டும்.

கேபிளும் போர்ட்டும் மாற்றிய பிறகும் பயாஸில் பெயர் வரவில்லையென்றால், டிரைவை மாற்ற வேண்டியதுதான். லேப்டாப் டிரைவ் வாங்கும்போது தடிமன் பாருங்கள்: 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு பரவலாக உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று சரியாக உட்காராது.

மஞ்சள் முக்கோணம்: ஃபில்டர் எச்சம்

"திடீரென்று எந்த மென்பொருளுக்கும் தெரியவில்லை" என்ற புகார்களில் பெரும்பங்கு இங்கேதான் முடிகிறது.

சிடி எழுதும் மென்பொருள், ஐட்யூன்ஸ், விர்ச்சுவல் டிரைவ் மென்பொருள் போன்றவை விண்டோஸின் சிடிராம் டிரைவரோடு தங்கள் சொந்த ஃபில்டர் டிரைவரையும் பதிந்துவைக்கும். மென்பொருளை நீக்கும்போது ஃபில்டர் கோப்பு அழிந்து, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) அதன் பெயர் மட்டும் தங்கிவிட்டால், விண்டோஸ் இல்லாத கோப்பைத் தேடும். கிடைக்காததால் டிரைவையே ஏற்ற மறுக்கும். மென்பொருளைத் திரும்பத் திரும்ப நீக்கி நிறுவினால் இப்படிப்பட்ட எச்சங்கள் கூடும்.

டிவைஸ் மேனேஜரில் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்தால் ஒரு கோட் எண் தெரியும். 19 என்றால் ரெஜிஸ்ட்ரிப் பதிவு சிதைந்திருக்கிறது. 39 என்றால் டிரைவர் கோப்பு இல்லை அல்லது கெட்டுவிட்டது. 31, 32, 41 ஆகியவையும் இதே பிரச்சினையில் வருவதுண்டு.

இந்தக் கட்டத்தில் 'டிரைவர் அப்டேட்' மென்பொருள்களைத் தொடாதீர்கள். சிடி/டிவிடி டிரைவுக்குத் தனி டிரைவர் என்று ஒன்றைப் பதிவிறக்கத் தேவையே இல்லை. எந்த நிறுவனத்தின் டிரைவானாலும் விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ஒரே சிடிராம் டிரைவர்தான் இயக்குகிறது. பணம் கேட்டு 'புதிய டிரைவர்' தருகிறேன் என்பவர்கள் உங்களுக்குத் தருவதற்கு ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியது இது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரை அட்மினாகத் திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷின் → சிஸ்டம் → கர்ரண்ட்கன்ட்ரோல்செட் → கன்ட்ரோல் → கிளாஸ் என்று போங்கள். அங்கே அடைப்புக்குறிக்குள் நீண்ட எண்கள் வரிசையாக இருக்கும். நமக்கு வேண்டியது 4டி36ஈ965 என்று தொடங்குவது.

இங்கே நிதானம் தேவை. பக்கத்திலேயே 4டி36ஈ967 இருக்கும். அது ஹார்டு டிஸ்க். 96பி கீபோர்டு, 96எஃப் மவுஸ். அவற்றிலும் 'அப்பர்ஃபில்டர்ஸ்' என்ற பதிவு உண்டு, அது இருந்தே ஆக வேண்டும். கீபோர்டினுடையதை நீக்கினால் கீபோர்டு வேலை செய்யாது. ஹார்டு டிஸ்கினுடையதை நீக்கினால் விண்டோஸே எழாது. சரியான இடத்தில்தான் நிற்கிறோமா என்று உறுதிசெய்ய, வலப்பக்கம் 'கிளாஸ்' என்ற பதிவின் மதிப்பைப் பாருங்கள். 'சிடிராம்' என்று இருந்தால் மட்டுமே மேலே தொடருங்கள்.

அந்தக் கீயை ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்து டெஸ்க்டாப்பில் சேமித்துவிடுங்கள். தவறினால் அந்தக் கோப்பை டபுள் கிளிக் செய்து பழைய பதிவுகளைத் திரும்பக் கொண்டுவரலாம். வலப்பக்கத்தில் 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோயர்ஃபில்டர்ஸ்' இரண்டில் ஒன்றோ இரண்டுமோ இருக்கும். இரண்டையும் ஒட்டுமொத்தமாக அழிக்கச் சொல்லும் வழிகாட்டிகள்தான் அதிகம். டிரைவ் வந்துவிடும், உண்மைதான். ஆனால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மென்பொருளின் ஃபில்டரும் சேர்ந்து போய்விடும். அதனால் பதிவை டபுள் கிளிக் செய்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். அதே கர்ரண்ட்கன்ட்ரோல்செட்டின் கீழே 'சர்வீசஸ்' பகுதியில் அந்தப் பெயரில் ஒரு கீ இருக்கிறதா? அதில் 'இமேஜ்பாத்' காட்டும் கோப்பு, விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32-க்குள் உள்ள 'டிரைவர்ஸ்' கோப்புறையில் உண்மையிலேயே இருக்கிறதா? இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வரிதான் குற்றவாளி. அதை மட்டும் நீக்கி ஓகே கொடுங்கள். இருந்தது அந்த ஒரு வரிதான் என்றால் பதிவையே அழித்துவிடலாம். பெயரின் முடிவில் '.பேக்' என்று இருக்கும் பதிவு வெறும் பழைய நகல். அதனால் கெடுதல் இல்லை. முடிந்ததும் ரீஸ்டார்ட்.

அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள் இரண்டு. 'கியர்ஆஸ்பிடபிள்யூடிஎம்' ஐட்யூன்ஸினுடையது. 'பிஎக்ஸ்ஹெல்ப்' என்று தொடங்குவது ராக்ஸியோ, சோனிக் வழி வந்த பழைய சிடி எழுதிகளினுடையது. முதல் பெயரை நீக்கினால், சிடி இறக்குமதிக்கான ரெஜிஸ்ட்ரி அமைப்பு காணவில்லை என்று ஐட்யூன்ஸ் எச்சரிக்கும். ஐட்யூன்ஸை 'ரிப்பேர்' செய்தால் அது தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளும்.

விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு வந்த சிக்கல் என்றால் இன்னொன்றும் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டி → டிவைஸ் செக்யூரிட்டி → கோர் ஐசோலேஷன் பக்கத்தில் 'மெமரி இன்டெக்ரிட்டி' ஆனில் இருந்தால், தனக்கு ஒத்துவராத பழைய ஃபில்டர் டிரைவர்களை அது ஏற்ற விடாது. கோப்பு இருக்கும், ஆனாலும் ஏறாது. பாதுகாப்பை அணைப்பதைவிட, அந்தப் பழைய மென்பொருளை நீக்கி ஃபில்டர் பெயரையும் எடுத்துவிடுவதே சரி.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் டிவைஸ் மேனேஜரில் வரவில்லையா? 'வியூ' மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுத்து, மங்கலாகத் தெரியும் பழைய டிரைவ் பதிவுகளை அன்இன்ஸ்டால் செய்து, 'ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்' கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால், 'சர்வீசஸ்' பகுதியில் 'ஏடிஏபிஐ' கீயின் கீழே 'கன்ட்ரோலர்0' என்று புதிய கீ உருவாக்கி, அதில் 'எனும்டிவைஸ்1' என்ற பெயரில் (ஈ-என்-யூ-எம் எழுத்துகள், பிறகு 'டிவைஸ்', பிறகு 1, நடுவே இடைவெளி கிடையாது) 32-பிட் டிவேர்டு பதிவு ஒன்றைச் சேர்த்து மதிப்பு 1 கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் தன் உதவிக் குறிப்பில் சொல்லும் வழிதான் இது.

ஒரு மென்பொருளுக்கு மட்டும் தெரியவில்லையென்றால்

பழைய மென்பொருள்கள் டிரைவ் எழுத்தை நினைவில் வைத்திருக்கும். பென் டிரைவோ புதிய பார்ட்டிஷனோ நடுவில் வந்து டி என்ற எழுத்து ஈ ஆகிவிட்டால் அவை பழைய டி-யையே தேடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சிடி டிரைவை ரைட் கிளிக் செய்து 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' மூலம் பழைய எழுத்தையே கொடுங்கள்.

அடுத்தது, டிரைவோடு பேசும் முறை. எஸ்பிடிஐ என்பது விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் வழி. ஆஸ்பி என்பது விண்டோஸ் 98 காலத்துத் தனி அடுக்கு. சிடி எழுதும் மென்பொருளான இம்க்பர்னில் டூல்ஸ் → செட்டிங்ஸ் → ஐ/ஓ பக்கத்தில் எஸ்பிடிஐ தேர்வாகியிருக்க வேண்டும். ஆடியோ சிடியைக் கணினிக்கு நகலெடுக்கும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் எஃப்9 அழுத்தி, 'இன்டர்ஃபேஸ்' தாவலில் 'நேட்டிவ் வின்32' தேர்ந்தெடுத்து, மூடித் திறங்கள். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அடாப்டெக் ஆஸ்பியை இறக்கி நிறுவாதீர்கள். 64-பிட் விண்டோஸில் அதன் டிரைவர் வேலைக்காகாது. எஸ்பிடிஐ வழிக்கு அட்மின் அனுமதி தேவைப்படலாம். 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்ததும் டிரைவ் தெரிந்தால் காரணம் அதுதான்.

டிரைவ் பட்டியலில் இருந்து, 'பிஸி' என்று மட்டும் வந்தால் வேறு மென்பொருள் பிடித்துவைத்திருக்கிறது. மியூசிக் பிளேயர், ஆன்டிவைரஸ் ஸ்கேன், இரண்டாவது சிடி எழுதி எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பாருங்கள்.

டிஸ்கின் கோப்புகள் தெரிகின்றன, சினிமா மட்டும் ஓடவில்லை என்றால் டிரைவைக் குறைசொல்லிப் பயனில்லை. விண்டோஸ் 10, 11-இல் டிவிடி சினிமா ஓட்டும் வசதி கூடவே வருவதில்லை. விஎல்சி நிறுவினால் தீரும். வெளிநாட்டு டிஸ்க் என்றால் ரீஜன் எண்ணையும் (டிஸ்க் எந்த நாடுகளில் ஓடும் என்ற குறியீடு) பாருங்கள், இந்தியாவுக்கு 5. டிரைவில் ரீஜனை 5 முறைதான் மாற்றலாம், கடைசியாக வைத்தது நிலைத்துவிடும்.

யுஎஸ்பி டிரைவ்

இங்கே முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்ப், 3.0 தருவது 900. டிஸ்க் சுழலத் தொடங்கும்போதும் எழுதும்போதும் அதற்கு மேல் இழுக்கும் டிரைவ்கள் உண்டு. டிஸ்க் போடாதபோது தெரிந்து, போட்டதும் மறைகிறது என்றால் இதுதான். ஹப்பை விட்டுவிட்டு, டெஸ்க்டாப்பின் பின்பக்கப் போர்ட்டில் குட்டைக் கேபிளால் நேரடியாக மாட்டுங்கள். இரண்டு யுஎஸ்பி முனையுள்ள ஒய்-கேபிள் வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். ஆப்பிள் சூப்பர்டிரைவ் இன்னும் கறார்: மேக்கில் நேரடியாக மாட்டினால்தான் ஓடும், சாதாரண ஹப்பில் மாட்டினால் ஏற்காது.

லினக்ஸில்

எல்எஸ்பிஎல்கே கட்டளையில் எஸ்ஆர்0 தெரிந்தால் கர்னல் டிரைவைப் பார்த்துவிட்டது. கே3பி, ப்ரஸேரோ போன்ற சிடி எழுதிகளுக்குத் தெரியவில்லையென்றால் உங்கள் கணக்கு 'சிடிராம்' குழுவில் (ஆர்ச்சில் 'ஆப்டிகல்') இருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்த பிறகு ஒருமுறை லாக்அவுட் செய்து வர வேண்டும். சினிமா டிஸ்கை வீடியோ கோப்பாக மாற்றும் மேக்எம்கேவிக்கு எஸ்ஆர்0 மட்டும் போதாது, எஸ்ஜி என்ற சாதனமும் வேண்டும். 'மாட்ப்ரோப் எஸ்ஜி' கட்டளையை ரூட்டாகக் கொடுத்ததும் டிரைவ் பட்டியலில் வந்துவிடும். ஒவ்வொரு பூட்டிலும் அது தானாக ஏற, இடிசிக்குள் இருக்கும் 'மாட்யூல்ஸ்-லோட்.டி' கோப்புறையில் எஸ்ஜி என்ற ஒரே வரியுள்ள '.கான்ஃப்' கோப்பு ஒன்றை வையுங்கள்.