மாடு, எருமை, ஆடு: ஒரே ஏற்பி எங்கே மாறியிருக்கிறது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பாகூர் பக்கத்துத் தொழுவங்களில் தரை காய்வதே இல்லை. மாடு ஈரத்தில் படுக்கும், மடி வீங்கும், கறந்தால் பால் திரிதிரியாக வரும். இந்த மடிநோயைக் கொண்டுவரும் கிருமிகளில் ஒன்று ஈ.கோலை. அதன் வெளியுறையில் உள்ள எல்.பி.எஸ். என்ற பொருளை மாட்டின் உடம்பு கண்டுகொள்வது டி.எல்.ஆர். 4 என்ற ஏற்பிப் புரதத்தால். எருமைக்கும் வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் இதே ஏற்பி உண்டு. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பகுதி மாறாமல் இருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் இன்றைய வேலை. கணினியும் இணையமும் போதும், காசு செலவில்லை.

முதலில் புரதத்தின் அமைப்பு. அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலிதான் புரதம். மனிதனின் டி.எல்.ஆர். 4 மொத்தம் 839 அமினோ அமிலம், மாட்டினுடையது 841. இதில் 600 போல செல்லுக்கு வெளியே நிற்கும். லியூசின் என்ற அமினோ அமிலம் அடிக்கடி திரும்பி வரும் சின்னச் சின்னத் துண்டுகள் சேர்ந்து குதிரை லாடம் போல வளைந்த பகுதி அது. எம்.டி. 2 என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து கிருமியின் பொருளைப் பிடிப்பது இதன் வேலை. பிறகு செல்லின் சவ்வைத் துளைத்துப் போகும் சிறு துண்டு. உள்ளே டி.ஐ.ஆர். டொமைன் (டொமைன் என்றால் தனி வேலை உள்ள புரதப் பகுதி), ஏறக்குறைய 145 அமினோ அமிலம். செய்தியை உள்ளே கடத்துவது இதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். புரத வரிசைகளைச் சேர்த்துவைத்திருக்கும் யூனிப்ராட் தளத்தில் டி.எல்.ஆர். 4 என்றும் விலங்கின் அறிவியல் பெயரையும் தட்டுங்கள். மாட்டுக்கு பாஸ் டாரஸ், எருமைக்கு புபாலஸ் புபாலிஸ், வெள்ளாட்டுக்கு கேப்ரா ஹிர்கஸ், செம்மறிக்கு ஓவிஸ் ஏரிஸ். தங்க நிறக் குறி உள்ள பதிவு ஆட்கள் சரிபார்த்தது. இருந்தால் அதையே எடுங்கள். நீளத்தைக் கட்டாயம் பாருங்கள். முதன்முறை நான் பார்க்கவில்லை. ஒரு விலங்குக்குப் பாதி வரிசை மட்டுமே இருந்த பதிவை எடுத்துவிட்டு, அந்த விலங்கில் டி.ஐ.ஆர். டொமைனே இல்லை என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். 840-ஐ ஒட்டி இல்லாத வரிசையை ஒதுக்குங்கள்.

நான்கோடு மனித வரிசையையும் சேருங்கள். மாடும் எருமையும் ஆடும் ஒரே குடும்பம் என்பதால் பெரும்பாலான இடங்கள் எப்படியும் ஒத்துப்போகும். தூரத்து உறவு ஒன்று கூட இருந்தால்தான், எது இயல்பான ஒற்றுமை, எது காலகாலமாகக் காக்கப்பட்டது என்று பிரித்தறிய முடியும்.

ஐந்தையும் ஃபாஸ்டா வடிவில் (ஒவ்வொரு அமினோ அமிலமும் ஓர் எழுத்தாக) ஒரே கோப்பில் ஒட்டி, வரிசைகளை இடத்துக்கு இடம் பொருத்தி அடுக்கும் கிளஸ்டல் ஒமேகா என்ற இணையக் கருவியில் கொடுங்கள். வரும் அடுக்குதான் அலைன்மென்ட். வரிசைகளின் அடியில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த இடம் ஐந்திலும் ஒன்றே. முக்காற்புள்ளி என்றால் மிக நெருங்கிய குணமுள்ள மாற்றம், ஒற்றைப் புள்ளி என்றால் ஓரளவு நெருங்கியது, வெறுமை என்றால் பொருந்தாதது.

பலர் இங்கேயே மொத்தச் சதவீதத்தைக் குறித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். அது போதாது. வெளிப்பகுதி நான்கு மடங்கு பெரியது, அதன் கணக்கு டி.ஐ.ஆரின் கணக்கை விழுங்கிவிடும். யூனிப்ராட் பதிவில் மாட்டின் டொமைன் எல்லைகள் இருக்கும். அவற்றை ஜால்வியூ என்ற மென்பொருளில் அலைன்மென்ட்டின் மேல் குறித்து, ஐந்து வரிசையையும் அதே இடத்தில் வெட்டுங்கள். மாட்டின் எண்ணை அப்படியே மனித வரிசையில் போட்டு வெட்டக் கூடாது. இடம் தள்ளிப்போகலாம். வெட்டிய துண்டுகளைத் தனித்தனியாக மறுபடி கிளஸ்டல் ஒமேகாவில் கொடுத்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒற்றுமைச் சதவீதம் கிடைக்கும். கையாலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்: 145 இடத்தில் 3 வேறு என்று வைத்துக்கொண்டால், 142-ஐ 145-ஆல் வகுக்க 97.9 வரும்.

அப்புறம் ஒரு இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். டி.ஐ.ஆர். டொமைனுக்குள் புரோலின் என்ற ஓர் அமினோ அமிலம். எலியில் 712-ஆவது இடம், மனிதனில் 714. சி3எச்/எச்.இ.ஜே. என்ற எலி வகையில் இந்த ஒன்று மட்டும் ஹிஸ்டிடின் என்ற வேறு அமினோ அமிலமாக மாறியிருப்பதால் அந்த எலிக்கு எல்.பி.எஸ். உறைப்பதே இல்லை. 1998-இல் அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் பாய்ட்லரின் குழு இதைக் கண்டுபிடித்தது. 2011-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உங்கள் அலைன்மென்ட்டில் மனித வரிசையின் 714-ஐத் தேடி, அந்த நெடுவரிசையில் ஐந்திலும் புரோலினே இருக்கிறதா என்று மேலிருந்து கீழே கண்ணை ஓட்டுங்கள்.

வெளிப்பகுதியின் மாற்றங்களும் வீண் அல்ல. லிப்பிட் ஃபோர் ஏ என்ற எல்.பி.எஸ். முன்னோடிப் பொருள் எலியிலும் குதிரையிலும் டி.எல்.ஆர். 4-ஐத் தூண்டும், மனிதனில் அதையே தடுக்கும். ஏற்பியும் எம்.டி. 2-உம் விலங்குக்கு விலங்கு கொஞ்சம் மாறியிருப்பதே காரணம். ஆனால் ஓர் எழுத்து மாறியதை வைத்து எருமைக்கு மடிநோய் எளிதில் வராது என்று எழுதிவிடாதீர்கள். அதைச் சொல்ல செல்லில் சோதித்தாக வேண்டும்.

கடைசியாக, ஒவ்வொரு வரிசையின் பதிவெண்ணையும் எடுத்த தேதியையும் நோட்டில் எழுதிவையுங்கள். சரிபார்க்கப்படாத பதிவுகள் திருத்தப்படும், சில நீக்கப்படும். அடுத்த மழைக்கு மறுபடி போட்டுப் பார்க்கும்போது எண்கள் ஏன் மாறின என்று தேட இது வேண்டும்.