கேரட் சாப்பிடுறப்ப நம்ம பண்ற தப்புங்க

மாட்டுத்தாவணி மார்க்கெட்டுல கொடைக்கானல் கேரட்டா பாத்துப் பொறுக்கி வாங்கிட்டு வர்றோம், அப்புறம் அதை மிக்ஸில அடிச்சு வடிகட்டி சக்கையை குப்பையில கொட்டிட்டு மிச்சத்துல சீனியை அள்ளிப்போட்டு புள்ளைக்கு குடுக்குறோம், இதுதான் பெரிய தப்பு. 100 கிராம் கேரட்டுல கிட்டத்தட்ட 3 கிராம் நார்ச்சத்து இருக்கு, அதுல பெரும்பகுதி அந்த சக்கையோட போயிருது.

அடுத்தது எண்ணெய் விஷயம். கேரட்டுல இருக்குற பீட்டா கரோட்டினைத்தான் உடம்பு வைட்டமின் ஏ-வா மாத்திக்குது, அது கொழுப்போட சேந்தாதான் நல்லா ஒட்டும். டயட்டுன்னு எண்ணெயே இல்லாம வெறும் பச்சைக் கேரட்டா கடிச்சா கொஞ்சம்தான் உள்ள சேரும். அதனால நம்ம வீட்டுப் பொரியல்தான் பெஸ்ட்டு. நல்லெண்ணெயில கடுகு உளுந்து தாளிச்சு, வெங்காயம் பச்சமிளகா வதக்கி, பொடியா நறுக்குன கேரட்டைப் போட்டு கையால லேசா தண்ணி தெளிச்சு மூடி வச்சு, எறக்கும்போது தேங்காப்பூ தூவுங்க. வேகுறதுலயும் சத்து இளகி வெளிய வரும், எண்ணெயும் தேங்காயும் அதை உள்ள கொண்டுபோகும். நெறைய தண்ணியில வேகவச்சு அந்தத் தண்ணிய வடிச்சு ஊத்திராதீங்க. பச்சையா சாப்பிட்டே ஆகணும்னா கூட நாலு வேர்க்கடலை சேத்துக்கங்க.

கேரட் தின்னா கண்ணாடி போட வேணாம்னு நம்புறாங்க பாருங்க, அதைக் கேட்டா மனசு பதறுது. வைட்டமின் ஏ கொறைஞ்சா மாலைக்கண் வரும், அதுக்கு கேரட்டும் முருங்கைக்கீரையும் உதவும், சரி. ஆனா கிட்டப்பார்வைங்குறது பெரும்பாலும் கண்ணு முழி நீண்டுபோறதால வர்றது, கூடை கூடையா தின்னாலும் மாறாது. புள்ளைக்கு போர்டு தெரியலன்னு சொன்னா அன்னைக்கே கண் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, கண்ணுக்குப் பேர்போன மதுரையில இருந்துக்கிட்டு அதைத் தள்ளிப்போடாதீங்க.

சுகர் இருக்குறவங்க இனிப்பா இருக்கேன்னு பயந்து ஒதுக்க வேணாம், பொரியலா அளவா சாப்பிடலாம், ஜூஸும் அல்வாவும்தான் வேணாம்.

தெனமும் நெறைய தின்னா உள்ளங்கை மஞ்சளாகும். கண்ணு வெள்ளையும் மஞ்சளா இருந்தா அது காமாலையா இருக்கலாம், உடனே டாக்டரைப் பாருங்க. கை மட்டும்னா கேரட்டைக் கொறைச்சாலே சரியாயிரும்.

கேரட்டுக்குப் பதிலா வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களா வாங்கிப் போடாதீங்க. கேரட்டுல வர்றதை உடம்பு தேவைக்கு ஏத்த மாதிரிதான் மாத்திக்கும், மாத்திரை அப்படியில்ல, அளவு மீறுனா ஈரல் கெடும், மாசமா இருக்குறவங்களுக்கு வயித்துப் புள்ளையவே பாதிக்கும்.